பங்களா ரோட்டில் விரித்த குடை

கல்லுமலைத் தோட்டம், மேற்பிரிவு
18 ஏப்ரல் 2026

அன்புள்ள கிஷாந்த்,

கடிதத்தைக் கண்டதும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். எல்லாரும் இருக்கிறோம். பாப்பாவுக்கு இருமல்தான் விடவில்லை.

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லை. வரிசை வீட்டு லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது ஜப்பானுக்குப் போனதும் மறந்துவிட்டதா? மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கடைசிக் காம்பரா பிரியந்தி கேட்கிறாள்: "என்னா ஊர்மி, அண்ணே ஒன்னய அம்மா வீட்டுக்குப் போகச் சொல்றாராம்ல? புள்ள துணியெல்லாம் மடிச்சாச்சா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து அடுப்படியில் அழுதேன். வெளியே போய்ப் பேசலாம் என்றால், காம்பராவை விட்டால் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கோயில் படி. அங்கே பாதி லயம் உட்கார்ந்திருக்கிறது.

ஹட்டனில் அம்மா வீட்டுக்குப் போ என்கிறீர்கள். போகலாம். அங்கே சுவரில் வெடிப்பு இல்லை. ஆனால் முழங்கால் வீங்கிய உங்கள் அம்மாவை யார் பார்ப்பது? அத்தை வரமாட்டார். "நான் வாக்கப்பட்டு வந்த காம்பரா, மண்ணு விழுந்தா விழுகட்டும்" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் பாப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் இந்த லயத்தில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். போன வருசப் புயலுக்குப் பிறகு லயத்தின் பின்னால் மலையில் விழுந்த வெடிப்பு அகலமாகிவிட்டது. இப்போது என் கை உள்ளே போகிறது. பெருமழைக்கு முன்னால் வெளியேறச் சொல்லி அதிகாரிகள் கையெழுத்து வாங்கிப்போனார்கள். எங்கே போவது என்று அவர்களும் சொல்லவில்லை, மேனேஜர் துரையும் சொல்லவில்லை. பெரியதுரை வீட்டைத் தாண்டி மேட்டில், உதவி மேனேஜர் போனதிலிருந்து சின்னத்துரை பங்களா ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். வருசப் பிறப்புக்கு முதல் நாள் மழையில் மலை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிரியந்தி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பூட்டை உடைத்தாள். பின்னாலேயே எல்லாரும் பிள்ளைகளோடு உள்ளே போனோம். விடிந்ததும் பெரியதுரை வந்து எங்களை இறக்கிவிட்டுப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார்.

உங்கள் அப்பாதானே தொழிற்சங்கத் தலைவர், மாமாதான் துரையிடம் பேசப் போனார். பங்களா ரோட்டில் கால் வைத்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாராம். துரை எதிரில் குடை பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. படிக்குக் கீழே மழையில் நின்றாராம். துரை ஜன்னலில் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாராம். அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் இன்னும் விடவில்லை.

பதிலைத் தோட்ட ஆபீசுக்கு அனுப்பாதீர்கள். அங்கே லயத்துக் கடிதங்கள் வாரக்கணக்கில் மேசைக்கடியில் கிடக்கும், பிரித்தும் பார்ப்பார்கள். பொகவந்தலாவை மஃறூப் நானா கடை விலாசத்துக்கு எழுதுங்கள். நானாவிடம் சொல்லிவிட்டேன்.

ஊர்மிளா


ஷிசுவோக்கா
2 மே 2026

ஊர்மி,

கடிதம் கிடைத்தது. சத்தம் போட்டது தப்புத்தான். ஆனால் நான் சொன்னது தப்பில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போ. அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

இங்கே முதியோர் இல்ல வேலையில் என் உடம்பு அலுத்துப்போய்க் கிடக்கிறது. எட்டுக் கிழங்களைக் குளிப்பாட்டுகிறேன், தூக்கி உட்கார வைக்கிறேன், சோறு ஊட்டுகிறேன். பாப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டினதில்லை, ஊரார் தகப்பனுக்கெல்லாம் ஊட்டுகிறேன். பஸ்ஸில் போகும்போது ரெண்டு பக்கமும் தேயிலைதான். தேயிலை வேண்டாம் என்று ஓடிவந்தவனைத் தேயிலைக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

என் பகுதியில் ஒருவர் இருக்கிறார். சரித்திரம் படிப்பித்த வாத்தியாராம். இப்போது தன் பெயரே ஞாபகமில்லை. சாயந்தரமானால் எழுந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடையில் நடப்பார். எதிரில் யார் வந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக் கத்துவார். முதலில் என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். கூட வேலை செய்கிற பெண் சொன்னாள், அது யமஓகா தெஷ்ஷு சொன்ன வார்த்தையாம். "அரசவையின் எதிரி டோக்குகவா யொஷினோபுவின் ஆள், யமஓகா டெட்சுதாரோ, தலைமையகத்துக்குப் போகிறேன்!" நாம் ஒதுங்கி நின்று, "போங்கள் ஐயா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடி விழும். ரெண்டு வாங்கிவிட்டேன்.

யார் இந்த ஆள் என்று கேட்டுப் பார்த்தேன். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் இருந்த சாமுராய். டெட்சுதாரோ பழைய பேர். வாள் வீச்சில் பேய் என்பார்களாம். தூரிகையால் எழுதுவதிலும் பேர்போனவர். அப்போது ராஜாவின் படை தலைநகரை எரிக்க வந்துகொண்டிருந்தது. இவர் எதிர்ப்பக்கத்து ஆள். சமாதானம் பேச ஆள் வேண்டும் என்றதும் கிளம்பிவிட்டார், கூட ஒரே ஒருத்தன். வழியெல்லாம் எதிரிப் படை. ஒளியவில்லை. நான் இன்னார், உன் எதிரியின் ஆள், உன் தளபதியைப் பார்க்கப் போகிறேன் என்று கத்திக்கொண்டே நடுவில் நடந்தாராம். துப்பாக்கி வைத்திருந்தவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றானாம். தளபதியைச் சந்தித்தது இந்த ஷிசுவோக்காவில்தான்.

சொல்லத் தோன்றியது, சொன்னேன். நீ ஹட்டனுக்குப் போ.

கிஷாந்த்


கல்லுமலை மேற்பிரிவு
16 மே 2026

அன்புள்ள கிஷாந்த்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. பாப்பாவுக்கு ரெண்டு தரம் காய்ச்சல். ஒவ்வொரு தரமும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கைக்கே காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. மழை சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சத்தம் நின்றாலும் எழுந்துவிடுகிறேன்.

உங்கள் சாமுராய் கதையைப் பாப்பாவுக்குச் சொன்னேன். ஈர்க்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் "போறேன், போறேன்" என்று நடக்கிறாள். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் அப்படி வீரமாகக் கிளம்பிப் போன நேரம் வீட்டில் உலை வைத்தது யார்? பெண்சாதி இருந்தாளா, பிள்ளை இருந்ததா, பால் இருந்ததா? ஆண்கள் சொல்கிற கதையில் இதெல்லாம் வராது. விசாரித்து எழுதுங்கள்.

இங்கே விசயம் முற்றிவிட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா துரையின் நிபந்தனையை வாசித்தார். பூட்டையும் ஜன்னலையும் நாங்கள் சரிசெய்து கொடுக்க வேண்டும். தலைவர் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். பங்களாவைத் திறக்கும் வரை அந்த பங்களா ரோட்டில் யாரும் நடக்கக் கூடாது. பூட்டை உடைத்தவர் பேரைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் நடந்தால் மழைக்காலத்துக்கு மட்டும் பங்களாவைத் திறந்துவிடுவாராம்.

முதல் மூன்றுக்கும் எல்லாரும் சரி என்றார்கள். நாலாவதில்தான் நிற்கிறது. சொன்னால், வேலையாட்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் பிரியந்தியின் பேரை வெட்டிவிடுவார்கள். வேலை போனால் காம்பராவும் போய்விடும். புருசன் விட்டுப்போனவள், மூன்று பிள்ளைகளோடு எங்கே போவாள்?

மாமா நம் வீட்டிலேயே கூட்டம் போட்டார். காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, "ஒரு ஆளுக்காக பத்துக் குடும்பம் மண்ணுக்குள்ள போகணுமா? சொல்லிப்புடுவோம்" என்றார்.

பிரியந்தி எழுந்தாள். "நீங்க ஏன் மாமா சிரமப்படுறீங்க? நானே போய்ச் சொல்லிப்புடுறேன். புள்ளைகள மட்டும் ஊர்மி பாத்துக்கட்டும்."

"ஒக்காருடி" என்றார் அத்தை. உங்கள் அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "அன்னைக்கு இவ பூட்ட ஒடைக்கலன்னா ஒங்க பேத்தி எங்க படுத்திருப்பா? கதவு தொறந்ததும் மொத ஆளா உள்ள ஓடுனது யாரு? நீங்கதானே?"

மாமா போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறிப்போனது. ஒன்றும் முடிவாகாமல் கலைந்தார்கள். ஆனி மழை நெருங்கிவிட்டது. பங்களா பூட்டித்தான் கிடக்கிறது.

ஊர்மிளா


ஷிசுவோக்கா
28 மே 2026

ஊர்மி,

நீ கேட்டதை விசாரித்தேன். கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

பெண்சாதி இருந்தாள். பேர் ஃபூசாகோ. வீட்டில் பாயைக்கூட விற்றுச் சாப்பிட்டார்களாம். அவளுக்குச் சாப்பாடில்லாமல் பால் வற்றி, முதல் பிள்ளை செத்துப்போனது என்று சொல்கிறார்கள். இதைச் சொன்ன பெண் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப்போனாள். நான்தான் நிறுத்தி மறுபடி கேட்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். அவருக்குப் பதினாறு பதினேழு வயதில் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். கீழே ஐந்து தம்பிமார். கடைசி கைக்குழந்தை. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பால் கேட்டு அலைந்திருக்கிறார். அந்த இடத்தில் எனக்கு அந்த ஆளைப் பிடித்தது. உனக்கும் பிடிக்கும்.

தளபதியும் இவருக்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறார். கோட்டையைக் கொடு, ஆயுதத்தைக் கொடு, கப்பலைக் கொடு. எல்லாம் சரி என்றாராம். கடைசியில் உன் எஜமானை எங்களிடம் ஒப்படை என்றதும் முடியாது என்றுவிட்டார். 'உங்கள் எஜமானை இப்படிக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா?' என்று கேட்டாராம். தளபதி யோசித்துவிட்டு, அதை விட்டுக்கொடுத்தார். நகரம் எரியவில்லை.

அதற்குப் பிறகு வேலையில்லாமல் போன வாள்காரர்கள் இங்கே ஒரு மேட்டுக்காட்டை வெட்டித் தேயிலை போட்டார்களாம். வாள் பிடித்த கையில் மண்வெட்டி. அந்தத் தேயிலை இன்னும் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நல்ல நிரை. நம் ஆட்கள் கை வைத்த மாதிரியே இருந்தது.

ஊர்மி, எனக்கு உன்னைத் தெரியும். இதைப் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாய் என்றும் தெரியும். இது கதை. அந்த ஆள் வாள் தெரிந்தவர். நீ பிள்ளைக்காரி. அந்தப் பக்கம் மலையில் வெடிப்பு, இந்தப் பக்கம் துரை. உன் ஆசிரியர் நியமனம் வேறு வர இருக்கிறது. நீ அந்த ரோட்டில் கால் வைக்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ஹட்டனுக்குப் போ.

கிஷாந்த்


கல்லுமலை, சின்னத்துரை பங்களா
15 ஜூன் 2026

அன்புள்ள கிஷாந்த்,

மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். கோபப்படுவதற்கு முன்னால் முழுவதும் படியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் மழை இறங்கிவிட்டது. பின்சுவரில் ஈரம் ஊறி, பாப்பா படுக்கிற இடத்தில் தண்ணீர் கசிந்தது. அத்தை கடைசிக் காம்பராவில் பிரியந்தியின் பிள்ளைகளோடு இருந்தார். பாப்பாவை யாரிடமும் விட முடியவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டேன், குடையை எடுத்தேன், கிளம்பினேன். வீரம் ஒன்றுமில்லை. அந்தக் காம்பராவுக்குள் இன்னும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பங்களா ரோட்டு முனையில் காவல் நிற்கிற வாச்சர் தடுத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் உங்கள் கிழவர் கத்துகிற மாதிரியே கத்தினேன். "மேல் டிவிசன், பதினோராம் நம்பர் லயம், தலைவர் செல்லசாமி மருமக ஊர்மிளா, தொரையப் பாக்கப் போறேன்!" பாப்பாவும் "போறேன்!" என்று கத்தினாள். வாச்சர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். அது மட்டும் கதையில் வந்த மாதிரியே நடந்தது.

கொஞ்சத் தூரம் போனதும்தான் அவருக்குப் பேச்சு வந்தது. பின்னால் ஓடிவந்து, "தங்கச்சி, கொடைய மடக்குங்க! தொரை வாசல்ல நிக்கிறாரு!" என்றார். என் கை தானாக மடக்கப் போனது. நான் படித்தவள், இந்தப் பழக்கத்தையெல்லாம் மேடையில் கண்டித்துப் பேசியவள். இருந்தும் கை போனது. மடக்கினால் பாப்பா நனைவாள். அதனால்தான் மடக்கவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. படிக்குக் கீழே நின்றாலும் நனைவாள், அதனால் படியும் ஏறினேன்.

துரை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சவரம் செய்யாத முகம். எங்களைவிடக் களைத்துப்போயிருந்தார். சிங்களத்தில் பேசினோம். மூன்று நிபந்தனைக்கும் சம்மதம், பேர் மட்டும் சொல்ல முடியாது என்றேன். அப்புறம் உங்கள் சாமுராயின் கேள்வியைக் கேட்டேன். "சேர், உங்கள் ஆட்களில் ஒருவர் பேரைக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா?"

"கொடுப்பேன்" என்றார், யோசிக்கவே இல்லை. "ஆள் குறைக்கக் கொழும்புக் கம்பெனியிலிருந்து மாதா மாதம் பேர் கேட்கிறார்கள். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்தது என் பேராக இருக்கும்."

கதையில் தளபதி யோசித்தாரே! இதற்குமேல் என்ன சொல்வது என்று கதையில் இல்லை. மழை கொட்டியது. பாப்பா தூங்கி வழிந்தாள். துரையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "சேருக்கு ஒரு பேர்தானே வேணும்? என் பேரை எழுதுங்க. ரோட்டு முனையிலேயே கத்திட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ தோட்டத்தில் வேலை செய்யவில்லையே. செக்ரோலில் உன் பேர் இல்லை."

"இல்லைங்க சேர். வெட்டுறதுக்கு அங்க என் பேரு இல்ல."

பொலிசில் முறைப்பாடு போட வேண்டிவரும், உனக்கு வரப்போகிற ஆசிரியர் வேலைக்குக் கேடு என்றார். தெரியும் என்றேன். பாப்பாவை மடியில் இன்னும் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குள் கீழே ஒரே சத்தம். என்னைக் காணோம் என்று அத்தை அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு கிளம்ப, பின்னால் பிரியந்தி, அவள் பிள்ளைகள், கடைசியில் மொத்த லயமும் வந்துவிட்டது. சண்டைக்கு யாரும் வரவில்லை, என்னைத் தேடித்தான் வந்தார்கள். துரையின் இஸ்தோப்பு முழுக்க ஈரக் கால். ஒரு குழந்தை மூத்திரம் வேறு பெய்துவிட்டது. துரை என் பேரை எழுதினார், வாச்சரைக் கூப்பிட்டார். "சாவியைக் கொடு. முதலில் இவர்களை என் வாசலை விட்டு அனுப்பு."

இப்போது பத்துக் குடும்பமும் இங்கே இருக்கிறோம். ஒரே அடுப்புக்கு அடிபிடி. மழை முடிந்ததும் இறங்க வேண்டும். பாதுகாப்பான இடத்தில் வீடு கட்ட நிலம் கேட்டு அதிகாரிகளுக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. பிரியந்தி என்னைப் பார்த்தால் அழுகிறாள், எனக்குப் பிடிக்கவில்லை. மாமா என்னோடு பேசுவதில்லை. பேர் கொடுத்ததற்காக இல்லை. குடையை மடக்காமல் போனதற்காக. மானத்தை வாங்கிவிட்டேனாம்.

பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். நியமனம் என்னவாகும் என்று தெரியாது. நான் செய்தது சரியா என்றும் தெரியாது. ஃபூசாகோவிடம் கேட்டால் பிள்ளை நனையாமல் இருந்ததா என்று மட்டும் கேட்பாள். நனையவில்லை.

திட்டுவதாக இருந்தால் எழுத்தில் திட்டுங்கள்.

ஊர்மிளா


ஷிசுவோக்கா
1 ஜூலை 2026

ஊர்மி,

கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. கோபத்தோடேயே எட்டுப் பேரையும் குளிப்பாட்டினேன். எட்டாவது ஆளுக்குத் துடைக்கும்போது கோபம் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்த வாத்தியார் இப்போது நடப்பதில்லை. படுக்கையிலேயே கிடக்கிறார். சாயந்தரமானால் கால் மட்டும் போர்வைக்குள் அசையும். சக்கர நாற்காலியில் வைத்து நடையில் தள்ளிக்கொண்டு போகிறேன். அவருக்குக் குரல் வரவில்லை. அதனால் நானே அந்த வார்த்தையைக் கத்துகிறேன். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி, போங்கள் என்கிறார்கள். தலையை ஆட்டிக்கொள்கிறார். நேற்று வாய் தவறி உன் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். மேல் டிவிசன், பதினோராம் நம்பர் லயம். அதற்கும் போங்கள் என்றார்கள்.

ஹட்டனுக்குப் போ என்று இனிச் சொல்லமாட்டேன். அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. குடை மடக்கி மடக்கிக் கக்கத்தில் தழும்பே விழுந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை நானா கடைக்கு அனுப்பவில்லை. உறையில் உன் பேரையும் பங்களா விலாசத்தையும் எழுதியிருக்கிறேன். வருகிறதா பார்ப்போம்.

கிஷாந்த்


கல்லுமலை, சின்னத்துரை பங்களா
19 ஜூலை 2026

அன்புள்ள கிஷாந்த்,

வந்தது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்துவிட்டது. கடைசிக் காம்பரா இல்லை. நம் காம்பராவில் பாதிச் சுவர் இருக்கிறது. சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. எல்லாரும் வெளியே ஓடிவந்து நின்றோம். பிரியந்தி தன் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் பிள்ளையையும் தொட்டுப் பார்த்தாள். யாரும் அழவில்லை. அத்தை மட்டும் அம்மி போச்சே, அம்மி போச்சே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எல்லாரும் பட்டப்பகலில் படுத்துத் தூங்கினோம். நான்கூட.

மறுநாள் மழையில் மாமா ஆபீசுக்குப் போனார். அங்கே உங்கள் கடிதத்தைக் காட்டி, இந்த விலாசத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்களாம். என் மருமகள்தான், கொடு என்று வாங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துரை வீட்டு எதிரில் வந்ததும் வழக்கம் போலக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவரை என்ன சொல்வது? தாண்டி வந்த பிறகும் விரிக்க மறந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மேடேறினார்.

வாசலுக்குக் கொஞ்சம் கீழே நின்றார். ஒரு மாதத்துக்குமேல் என்னோடு பேசாதவர். தொண்டையைச் செருமிவிட்டு, அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "மேல் டிவிசன், பதினோராம் நம்பர் லயம் ஊர்மிளாவுக்குக் கடிதாசி!"

"போங்க!" என்றாள் பாப்பா.

சட்டைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். உறை நனையவே இல்லை.

ஊர்மிளா